பேட்டரிக்கு முதலில் இடம் போடுங்கள்: சண்டை ரோபோ கட்டப் புதிதாக வருபவர்களுக்கு

பர்கூர், தர்மபுரி, ஓசூர் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் கிருஷ்ணகிரியில் உள்ள என் கொட்டகைக்கு வருவார்கள். கையில், போட்டிக் களத்தில் இன்னொரு ரோபோவோடு மோதுவதற்கென்று கட்டிய, முக்கால்வாசி முடிந்த ரோபோ இருக்கும். அலுமினியத் தகடு பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருக்கும். சக்கரங்கள் நேராக ஓடும். முன்னால் சுழலும் ஆயுதத்தை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கியிருப்பார்கள். "பேட்டரி எங்கே தம்பி?" என்று கேட்டால், இரண்டு மோட்டார்களுக்கு நடுவே மிஞ்சிய ஒரு இடுக்கைக் காட்டுவார்கள். "இதற்குள் எது நுழைகிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், அண்ணா."

நான் அவர்களை நிறுத்துவது அங்கேதான். நம் வறண்ட மாவட்டங்களில் தோட்டம் வாங்குகிறவர் முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். வீட்டு வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ரோபோவுக்கும் அதே வரிசைதான். எந்த பேட்டரி, எத்தனை செல், எவ்வளவு இடம், எந்தப் பக்கம் வயர் வெளியே வரும் என்பதை முடிவுசெய்து, அந்தப் பெட்டியைத் தாளின் நடுவில் வரைந்துவிட்டு, அதைச் சுற்றி மற்றதை வரையுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தில் இருந்து வருவதுதான்.

நம் நாட்டுக் கல்லூரிப் போட்டிகளில் 8, 15, 30, 60 கிலோ எடைப் பிரிவுகள் பரவலாக உண்டு. புதியவர்கள் 8 கிலோவில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. உடைந்தாலும் செலவு தாங்கும், தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகலாம். ஆகவே கீழே வரும் கணக்கு எல்லாம் 8 கிலோ ரோபோவை வைத்தே போடுகிறேன். ஒரு சண்டை பெரும்பாலும் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை பேட்டரி

1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ரோபோ வார்ஸ் போட்டி தொடங்கிய காலத்தில் ஈய அமில பேட்டரியும் நிக்கல் காட்மியமும்தான் கைக்கு எட்டியவை. இன்றும் புதியவர்கள் முதலில் எடுப்பது, யுபிஎஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியைத்தான். விலை குறைவு, தவறாகக் கையாண்டாலும் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் அதன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். எட்டுக் கிலோவில் கால் பங்கு அங்கேயே போய்விடும். மேலும் அந்த 7 ஆம்பியர் மணி என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. மூன்று நிமிடச் சண்டையில் 30 ஆம்பியர் இழுத்தால் அதில் பாதிகூடக் கைக்கு வராது. ஓட்டிப் பழகுவதற்கு மட்டும் ஒரு பழைய ரோபோவில் அதை வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கு வேண்டாம்.

பழைய லேப்டாப்பிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் பிரித்தெடுத்த உருளை செல்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்த பிறகு நம் பகுதியில் இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. என் பதில் வேண்டாம் என்பதுதான். லேப்டாப் செல்கள் ஒவ்வொன்றும் சில ஆம்பியருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. பத்து மடங்கு இழுத்தால் சூடேறும், வோல்ட்டேஜ் விழும். ஸ்கூட்டர் செல் அதைவிட வலுவானது. ஆனாலும் அதன் வயதும் வரலாறும் உங்களுக்குத் தெரியாது. செல்லோடு செல்லை ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் வேலை வீட்டில் செய்யத் தக்கதும் அல்ல. இத்தகைய பேட்டரிகளோடு வரும் பாதுகாப்புச் சர்க்யூட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அளவு மீறிய மின்னோட்டம் போனவுடன் அது தன் கடமைப்படி இணைப்பைத் துண்டித்துவிடும். எதிரியின் ரோபோ உங்களைச் சுவரோடு அழுத்தும் நொடியில் உங்கள் ரோபோ செத்து நிற்கும்.

மீதி இரண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை செல்லுக்கு 3.2 வோல்ட், அதே ஆற்றலுக்கு எடையும் பருமனும் சற்று அதிகம். ஆனால் துளைபட்டாலும் நசுங்கினாலும் லித்தியம் பாலிமரைப் போலச் சீறி எரிவது குறைவு. எடையில் இடம் இருந்தால், வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், இதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர்தான் இன்று களத்தில் பெரும்பாலோர் வைத்திருப்பது. எடை மிகக் குறைவு, ஒரே நொடியில் நூறு ஆம்பியர் கொடுக்கும். அதே காரணத்தால் அது ஆபத்தானதும்கூட. செல்லைச் சுற்றி இருப்பது இரும்பு உறை அல்ல. பால் பாக்கெட் போன்ற ஒரு மெல்லிய பை. இனி நான் பேசுவதெல்லாம் லிப்போவைப் பற்றி.

செல் எண்ணிக்கையும் கொள்ளளவும்

லிப்போ செல் ஒன்றுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட். முழுச் சார்ஜில் 4.2. மூன்று செல் தொடராக இருந்தால் 3எஸ் என்பார்கள்: 11.1 வோல்ட், முழுச் சார்ஜில் 12.6. நான்கு செல் என்றால் 14.8, முழுச் சார்ஜில் 16.8. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் ஸ்பீட் கன்ட்ரோலர் தாங்கும் வோல்ட்டேஜை முழுச் சார்ஜ் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், பெயரளவு எண்ணோடு அல்ல. 12 வோல்ட் கியர் மோட்டாரில் ஓடும் முதல் ரோபோவுக்கு 3எஸ் போதும்.

அடுத்தது கொள்ளளவு. இதை ஊகிக்காதீர்கள், அளந்து எடுங்கள். பேட்டரிக்கும் ரோபோவுக்கும் நடுவே மாட்டும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஒருமுறை போய்வந்தால் இதுபோன்ற பொருள்கள் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். முதலில் ஆயுதத்தைக் கழற்றிவிட்டு, சக்கர மோட்டார்கள் ஓடும்போதும், சக்கரத்தை ஒரு நொடி தடுத்துப் பிடிக்கும்போதும் எத்தனை ஆம்பியர் போகிறது என்று எழுதுங்கள். ஆயுத மோட்டாரின் கணக்கை, ரோபோவைப் பலகையில் கட்டி, தடித்த மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு மட்டுமே எடுக்க வேண்டும்.

நான் கட்டிய ஒரு 8 கிலோ ரோபோவின் எண்களைச் சொல்கிறேன். சக்கர மோட்டார் நான்கு. ஓடும்போது ஒவ்வொன்றும் சராசரியாக 3 ஆம்பியர், சிக்கி நிற்கும்போது 8. ஆயுத மோட்டார் சராசரியாக 18, நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 60. சராசரியைக் கூட்டினால் 12 + 18 = 30 ஆம்பியர். மூன்று நிமிடத்துக்கு 30 × 3 ÷ 60, அதாவது 1.5 ஆம்பியர் மணி. லிப்போவைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சக்கூடாது. 80 சதவீதம்தான் நமக்கு உரியது. அப்படியானால் 1.5ஐ 0.8ஆல் வகுக்க, சுமார் 1.9 ஆம்பியர் மணி. 2.2 ஆம்பியர் மணி பேட்டரி சரியாக இருக்கும் என்று தோன்றும்.

இப்போது உச்சக் கணக்கைப் பாருங்கள். நான்கு சக்கரமும் சிக்கி, அதே நேரம் ஆயுதமும் மீண்டும் சுழலத் தொடங்கினால் 32 + 60 = 92 ஆம்பியர். பேட்டரி மேல் 25சி, 45சி என்று அச்சடித்திருப்பார்களே, அந்த எண்ணைக் கொள்ளளவோடு பெருக்கினால் அது தரக்கூடிய மின்னோட்டம் வரும். 2.2 ஆம்பியர் மணி, 25சி என்றால் 55 ஆம்பியர். போதாது. 45சி என்றால் 99. தாளில் போதும். ஆனால் இந்த சி எண்ணைத் தயாரிப்பாளர்கள் தாராளமாகவே அச்சடிக்கிறார்கள். நான் எப்போதும் அதைப் பாதியாக வெட்டித்தான் கணக்குப் போடுவேன். 3 ஆம்பியர் மணி, 65சி பேட்டரியில் பாதி என்றால் 97 ஆம்பியர். அதுதான் இந்த ரோபோவுக்கு உரியது. எடை கால் கிலோ அளவில் இருக்கும். இரண்டு கிலோ ஈயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சும் எடையை எல்லாம் ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் கொடுக்கலாம்.

சி எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதற்குப் பின்னால் இருப்பது உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை. ஒரு செல்லுக்கு 5 மில்லி ஓம் என்றால் மூன்று செல்லுக்கு 15. அதன் வழியே 92 ஆம்பியர் போகும்போது ஏறத்தாழ 1.4 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிடும். அதைத் தாங்கலாம். பழசாகி உள்தடை மூன்று மடங்கான பேட்டரியில் அதே நொடியில் 4 வோல்ட் விழும். ரோபோவுக்கு 7 வோல்ட்டே மிஞ்சும். அப்போது ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் போகும் மின்சாரம் தடுமாறி, ரிமோட் தொடர்பு அறுந்து, ரோபோ ஒரு கணம் உறைந்து நிற்கும். ரேடியோவில் கோளாறு என்று நினைத்து ரிமோட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் அணிகளை நான் பார்த்திருக்கிறேன். கோளாறு பேட்டரியில் இருக்கும்.

பேட்டரி வாங்கும்போது ஒன்றல்ல, ஒரே மாதிரி குறைந்தது மூன்று வாங்குங்கள். போட்டியில் ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே சூடு ஆறவும் சார்ஜ் ஏறவும் நேரம் போதாமல் போகும்.

வயரும் கனெக்டரும்

பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயர் 12 கேஜ் சிலிகான் வயராக இருக்கட்டும். சக்கர மோட்டார்களுக்கு 16 போதும் (கேஜ் எண் கூடினால் வயர் மெலியும்). வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் பிவிசி வயர் வேண்டாம், சூட்டில் அதன் உறை இளகிவிடும். சிலிகான் உறை 200 டிகிரிவரை தாங்கும், நூல்போல வளையும்.

கனெக்டரில் 60 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் எக்ஸ்டி 60, 90 தாங்கும் எக்ஸ்டி 90 இரண்டும் எளிதாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன ரோபோவுக்கு 90. பித்தளை முனை பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும் பக்கத்தைத்தான் பேட்டரியில் சால்டர் செய்ய வேண்டும். வெளியே துருத்தும் பக்கம் ரோபோவுக்கு. மாற்றிச் செய்தால், மேசை மேல் கிடக்கும் ஒரு ஸ்பேனர் பேட்டரியைக் குறுக்கிணைப்புச் செய்துவிடும்.

பேட்டரியின் பழைய கனெக்டரை மாற்றும்போது இரண்டு வயரையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கத்தரிக்கோலே இரண்டையும் இணைத்துவிடும். ஒன்றை வெட்டி, சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயால் மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

ரோபோவை வெளியிலிருந்து நிறுத்தும் வழி கட்டாயம் வேண்டும். எல்லாப் போட்டி விதிகளும் இதைக் கேட்கும். ஸ்விட்சைவிட நான் விரும்புவது இணைப்புக் கட்டை. ஒரு ஆண் கனெக்டரின் இரண்டு முனைகளையும் குட்டையான தடித்த வயரால் சேர்த்துவிட்டால் அது ஒரு சாவி போல ஆகிவிடும். நேர் மின்வயரின் நடுவே பெண் கனெக்டரை வைத்து, அதை உடலின் பின்பக்கத்தில், ஆயுதத்துக்கு நேர் எதிரே பொருத்துங்கள். இணைப்பைச் செருகும்போதும் உருவும்போதும் உங்கள் கை ஆயுதத்தின் பாதையில் வரவே கூடாது.

பேட்டரியைப் பொருத்துவது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நல்ல பேட்டரியை வாங்கிவிட்டு அதை நைலான் டையால் அடித்தகட்டில் கட்டிவிட்டுக் களத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

கிருஷ்ணகிரி மண்டியில் மாம்பழம் அடுக்குகிறவர்களின் கையைக் கவனித்திருப்பீர்கள். பெட்டியின் அடியில் வைக்கோல், பக்கங்களில் வைக்கோல், பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே காகிதம். பழம் ஆடக்கூடாது, ஆடினால் அடிபடும். அதற்காக இறுக்கவும் கூடாது, இறுக்கினால் கன்றிப்போகும். ஆணி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். லிப்போவைப் பொருத்துவதற்கு வேண்டிய அறிவு முழுவதும் அந்தப் பெட்டியில் இருக்கிறது: வெளியே கடினமான சுவர், உள்ளே மெத்தை, எங்கும் கூர்முனை இல்லை.

முதலில் இடம். ரோபோவின் நடுவில், முடிந்த அளவு தாழ்வாக. ஆயுதத்திலிருந்தும் வெளிக் கவசத்திலிருந்தும் தள்ளி. பேட்டரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு மோட்டாரோ ஒரு தடுப்புத் தகடோ நிற்கும்படி வரைந்தால் இன்னும் நல்லது. கவசம் ஒருமுறை உள்ளே மடங்கினாலும் பேட்டரியைத் தொடக்கூடாது.

பிறகு அளவு. 3 ஆம்பியர் மணி 3எஸ் பேட்டரி ஏறத்தாழ 13 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரம் இருக்கும், நீங்கள் வாங்கியதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் 6 மி.மீ. மெத்தை, 3 மி.மீ. சுவர். ஆகவே ஒவ்வொரு அளவிலும் கிட்டத்தட்ட 2 செ.மீ. கூடும். வயர் மடங்காமல் வெளியே வர, நீளத்தில் இன்னொரு 3 செ.மீ. பெட்டி 18க்கு 6.5க்கு 4.5 என்று வந்து நிற்கும். மோட்டார்களுக்கு நடுவே மிஞ்சிய சந்தில் இது நுழையாது என்பது இப்போது தெரிகிறதல்லவா?

பெட்டிக்கு பாலிகார்பனேட் தகடு நல்லது; அடித்தால் வளையும், உடையாது. அக்ரிலிக் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் சில்லாக உடைந்து அந்தச் சில்லே பேட்டரியைக் குத்தும். சமையலறையில் காய் வெட்டும் தடித்த வெள்ளைப் பலகையின் பிளாஸ்டிக்கும் இதற்கு அருமையான பொருள். ரம்பத்தால் வெட்டலாம், துளையிடலாம். அலுமினியத்தில் செய்தால் உள்பக்கம் முழுவதும் காப்புத் தாள் ஒட்டுங்கள். கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்காதீர்கள். பிளாஸ்டிக் போலத் தெரிவதால் ஏமாந்துபோவோம்.

மெத்தைக்கு என் தேர்வு, ரப்பர் செருப்பு செய்யும் ஷீட் அல்லது யோகா பாய். இரண்டும் மூடிய காற்றறைகள் கொண்ட ஃபோம். அழுத்தினால் எதிர்த்து நிற்கும், விட்டால் மீளும். படுக்கை ஸ்பாஞ்சு அடி விழுந்தவுடன் முழுதாக நசுங்கி, சுவரும் பேட்டரியும் நேரடியாக மோதும். தெர்மாகோல் இரண்டாவது அடியில் தூளாகிவிடும். மூடியைப் போட்டால் மெத்தை லேசாக அழுந்த வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. அதற்கு மேல் இறுக்காதீர்கள். சண்டையில் சூடாகும் லிப்போ கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் வேண்டும். செல்களிலிருந்து வயர் புறப்படும் முனைதான் பேட்டரியிலேயே நலிந்த இடம். அங்கே மெத்தையை இரட்டிப்பாக்குங்கள். அந்த முனையை ஆயுதத்தை நோக்கி வைக்காதீர்கள்.

இனி போல்ட். ஒரு கல்லூரி விழாவில் என் ரோபோவின் அடித்தகட்டில் இருந்த 5 மி.மீ. போல்ட் ஒன்று, நட்டைத் தாண்டி 6 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. மெத்தை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். எதிரியின் ஆயுதம் கீழிருந்து தட்டியது. ரோபோ ஒரு முழம் உயரம் எழும்பி விழுந்தது. மெத்தை அழுந்தியது, போல்ட் அழுந்தவில்லை. முதலில் ஒரு விசில் சத்தம், பிறகு வெள்ளைப் புகை, பிறகு தீ. மூன்று மாத வேலை நான்கு நிமிடத்தில் கரிக்கட்டையானது. அதைவிட, களத்தின் ஓரத்தில் நின்றிருந்த பிள்ளைகள் இருமிக்கொண்டே ஓடியதுதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து பேட்டரி அறையைத் தொடும் ஒவ்வொரு போல்ட்டின் தலையும் உள்ளே, முனை வெளியே. அது முடியாத இடத்தில் முனையை நட்டோடு சமமாக அறுத்து, அரம் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு. இதற்கு விலக்கே கிடையாது.

லேத்தில் கடைந்த பாகங்களோடு உலோகச் சுருளும் தூளும் வரும். பெட்டியை மூடும் முன் பிரஷ்ஷால் கூட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். காந்தம் இரும்புத் தூளை மட்டும் எடுக்கும், அலுமினியத்தை எடுக்காது. மயிரிழை அளவுச் சுருள் ஒன்று வயர் உறையை அறுக்கப் போதும்.

வயர் வெளியே வரும் துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் போடுங்கள். மூடியை மூடும்போது வயர் நடுவில் மாட்டி நசுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு செல்லையும் தனியே சார்ஜரோடு இணைக்கும், சமநிலை வயர் எனப்படும் அந்த மெல்லிய வெள்ளைக் கனெக்டர் வயர்தான் பெரும்பாலும் மாட்டும். அதை பேட்டரியோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பெட்டியில் ஒரு சிறு துளை இருக்கட்டும்; செல் வாயு விட்டால் பெட்டி வெடிக்காமல் அது வெளியேற வழி வேண்டும். பேட்டரியை இரண்டு நிமிடத்துக்குள் வெளியே எடுக்க முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். இருபது ஸ்க்ரூ கழற்ற வேண்டியிருந்தால் மூடியை மாற்றிச் செய்யுங்கள்.

உண்மையான பேட்டரியை வைக்கும் முன் ஒரு சோதனை. பேட்டரியின் எடையும் வடிவமும் வரும்படி ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதன்மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை 3 மி.மீ. கனத்துக்கு அப்புங்கள். அதைப் பெட்டிக்குள் வைத்து மூடி, ஆயுதம் கழற்றிய ரோபோவை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள்: ஒருமுறை நிமிர்த்தி, ஒருமுறை குப்புற, ஒருமுறை பக்கவாட்டில். நம் ஊரில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை; அதன்மேல் போட்டால் களத்தின் அடிக்கு ஓரளவு ஈடாகும். பிறகு திறந்து களிமண்ணைப் பாருங்கள். எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அங்கே ஒரு விளிம்போ ஒரு ஸ்க்ரூவோ பேட்டரியைத் தேடிக்கொண்டிருக்கிறது. பள்ளம் இல்லாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இதைச் சோம்பாமல் செய்த பிள்ளைகளின் பேட்டரி ஒன்றும் இதுவரை என் கண்முன் துளைபட்டதில்லை.

சார்ஜ் செய்வது

லிப்போவுக்கென்று செய்த, ஒவ்வொரு செல்லையும் தனியே சமன்செய்யும் சார்ஜர் மட்டுமே. செல் எண்ணிக்கையைச் சரியாக வைத்து, கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டத்தில் ஏற்றுங்கள்: 3 ஆம்பியர் மணிக்கு 3 ஆம்பியர். அவசரம் என்று கூட்டாதீர்கள். ஏறி முடிந்ததும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும்.

வீட்டில் எங்கே வைத்து ஏற்றுவது? சிமென்ட் தரையில், ஒரு பெரிய மண்சட்டிக்குள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். கேஸ் சிலிண்டர், திரைச்சீலை, வைக்கோல் எதுவும் அருகில் வேண்டாம். தூங்கப்போகும் முன் சொருகிவிட்டுப் போகவே கூடாது. சார்ஜ் முடியும்வரை ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து மொட்டை மாடியும் தகரக் கொட்டகையும் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 45 டிகிரிக்கு மேல் சூடான லிப்போவைச் சார்ஜில் போடக்கூடாது. சண்டை முடிந்து வந்த பேட்டரி கைக்கு இதமாக ஆறிய பிறகுதான் சார்ஜர்.

ஒருவேளை தீப்பிடித்தால் அதன்மேல் குனியாதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். காற்று வரும் பக்கமாக நகர்ந்து, மணலைக் கொட்டுங்கள், சுற்றியிருப்பவர்களை அப்புறப்படுத்துங்கள். எரிவதற்கு வேண்டியது செல்லுக்குள்ளேயே இருப்பதால் மூடியவுடன் அணையாது. தீ பக்கத்துப் பொருளுக்குப் பரவாமல் தடுப்பதுதான் நம்மால் ஆவது.

போட்டிக்குப் போகும்போது

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. பஸ்ஸில் போகிறோம், அல்லது தர்மபுரியோ ஓசூரோ சென்று ரயில் ஏறுகிறோம். எப்படிப் போனாலும் பேட்டரியை ரோபோவிலிருந்து கழற்றி, முனைகளை டேப்பால் மூடி, தனிப் பெட்டியில், கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜில் அல்ல, செல்லுக்கு 3.8 வோல்ட்டில். பஸ்ஸின் அடிப்பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். பெங்களூரிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள், வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கி வாட் மணியை எழுதி ஒட்டுங்கள்: 11.1 × 3 = 33.3. உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். ஒன்றுக்கு 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. உங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

களத்துக்குள் வைத்த பிறகு, ஆயுதம் சுழலாமல் தடுக்கும் பூட்டை எடுக்கும் முன், எல்லோரும் பின்வாங்கிய நிலையில் ஒருவர் மட்டும் இணைப்புக் கட்டையைச் செருக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

சண்டை முடிந்ததும் முதல் வேலை, வெற்றியோ தோல்வியோ, கட்டையை உருவுவது. பேட்டரியை வெளியே எடுத்துத் திறந்த இடத்தில் மணல்மேல் வைத்து, கால் மணி நேரம் கவனியுங்கள். துளையும் பள்ளமும் இருக்கிறதா, இனிப்பான நெடி வருகிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்த பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், உப்பியதைக் குத்திக் காற்றை எடுக்க முயலாதீர்கள். உடலில் சேதம் இல்லாமல் வயதாகி மட்டும் போனது என்றால், திறந்தவெளியில் ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டி, முற்றிலும் அணையும்வரை எரியவிட்டு, முனைகளை மூடி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டாம். அங்கே கை வைப்பவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி.

நல்ல நிலையில் இருந்தால் மல்டிமீட்டரால் செல் செல்லாக அளங்கள். ஓய்வில் 3.5க்குக் கீழே போயிருந்தால் அடுத்த முறை பெரிய பேட்டரி வேண்டும் என்று பொருள், 3.0க்குக் கீழே போன செல் கெட்டுவிட்டது. ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு எண் எழுதி ஒட்டி, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, சண்டைக்கு முன் வோல்ட், பின் வோல்ட், சார்ஜர் காட்டும் உள்தடை ஆகியவற்றை எழுதி வாருங்கள். வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், எல்லாவற்றையும் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து மண்சட்டியில் வைத்து மூடிவிட்டுப் படுங்கள். மறுநாள் காலை இன்னொருமுறை அளங்கள். மூன்றில் ஒரு செல் மட்டும் இரவோடு இரவாக இறங்கியிருந்தால், அந்த பேட்டரியின் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, அதைத் தனியே வைத்துவிடுங்கள்.